கிழமை எழுதாத ஒரு நாள்

செய்தி வந்தபோது நான் காட்பாடியில் மாவு மில் வரிசையில் நின்றிருந்தேன். யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். கடையே தும்மிக்கொண்டிருந்தது. தனசேகர் கூப்பிட்டார். உயர் நீதிமன்றத்தில் அய்யாவுக்கு முன்னால் வெள்ளிக்கோல் பிடித்து நடந்தவர் அவர்.

"மேடம், நம்ம அய்யா போய்ட்டாரு."

"எந்த அய்யா?" என்று கத்தினேன். மில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகவே கேட்டது.

"முனவ்வர் அய்யா, மேடம். விடியக்காலைல, ஆம்பூர் வீட்லயே. சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம்."

நின்ற இடத்திலேயே அழுதேன். மிளகாய் நெடி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து மில்காரர் என் கோதுமையை முதலில் அரைத்துக் கொடுத்தார். அதை வீட்டில் வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். போகும் வழியில் நம் ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அதற்குள் நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒரு புண்ணியவான் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, உயிரோடு இருக்கும் வேறொரு நீதிபதியின் படத்தை ஒட்டியிருந்தார். "நேர்மையின் சிகரம்", "தவறே செய்யாத நீதிமான்" என்று அடுத்தடுத்து வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான். பதினொரு வருடம் அவருடைய சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். அவர் சிகரமும் இல்லை, மலையும் இல்லை. அவர் தப்பு செய்தார். ஒரு முறை பெரிய தப்பாகவே செய்தார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாதது மாதிரி.

நீங்கள் அறிந்த விஷயம்தான், இருந்தாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் புரிய வேண்டும். கீழே தோற்றவர் மேலே வருகிறார். மேலே ஒரே ஒரு நீதிபதி கேட்டுத் தீர்ப்புச் சொன்னால், அதற்கும் மேலே இருவர் கொண்ட அமர்வு இருக்கிறது. மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், பக்கத்துப் பக்கத்தில். இருவரும் ஒத்துப்போனால் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் தலைமை நீதிபதி மூன்றாவதாக ஒருவரிடம் அனுப்புவார். யார் யாரோடு உட்கார வேண்டும், எந்த வகை வழக்கு யாருக்கு என்பதையும் தலைமை நீதிபதிதான் பிரித்துக் கொடுப்பார். இத்தனை அடுக்கும் எதற்கு? ஒரு ஆள் தப்பு செய்வார் என்று தெரிந்துதான் இன்னொரு ஆளை வைத்திருக்கிறார்கள். அய்யா இதை வேறு மாதிரி சொல்வார். "கோமதிம்மா, நம்ம கட்டடமே சந்தேகத்தின் மேல கட்டினதுதான். சந்தேகம் வராத நாள்ல நாம லீவு போட்டுடணும்."

அவரிடம் வேலை செய்வது லேசில்லை. தீர்ப்பைச் சொல்லி முடித்ததும், நான் தட்டச்சு செய்ததை உரக்கப் படிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் எங்கே திக்குகிறேனோ அங்கே நிறுத்துவார். "நீங்க திக்குற எடத்துல எனக்கே புரியலைன்னு அர்த்தம். திருப்பி எழுதுங்க." சில நாள் ஒரே பத்தியை ஏழு தடவை திருப்பி எழுதியிருக்கிறோம். எரிச்சலில் ஒரு நாள், "அய்யா, ஜெயிச்சவங்களுக்குத்தான் இது புரிஞ்சிடுமே" என்றேன். "ஜெயிச்சவங்க கடைசி வரிய மட்டும்தான் பாப்பாங்க. நாம எழுதறது தோத்தவங்களுக்கு. அவங்கதான் மொத வரியிலேர்ந்து படிப்பாங்க" என்றார். அவர் பெட்டியில் தினமும் தயிர்சாதம் இருக்கும். ஆம்பூர்க்காரரிடம் பிரியாணி கேட்டு வந்த சக நீதிபதிகள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் அவருக்கு இருந்தது. வழக்குக் கட்டு வந்தவுடன் ஒரு வெள்ளைத் தாள் எடுப்பார். கட்டில் உள்ள தேதிகளையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிழமையை எழுதுவார். அதற்காகவே பழைய நாட்காட்டிகளை மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தார். "போன்ல தட்டினா வந்துடுமே அய்யா" என்றால், "வரும். கையால எழுதினாத்தான் மண்டைல ஏறுது" என்பார். கீழ் நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். தேதியைப் பொய்யாக எழுதுகிறவன் நாட்காட்டியைத் திருப்பிப் பார்க்க மாட்டான் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரைப் பஞ்சாங்க ஐயர் என்றுதான் கூப்பிட்டோம். தொழுகை தவறாத மனுஷனுக்கு இந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும்.

மல்லிகாவின் வழக்குக்கு அவர் கிழமை எழுதவில்லை. அன்று காலை பட்டியல் தயாரான பிறகு சேர்ந்த கடைசி வழக்கு அது. கட்டு எங்கள் கைக்கு வரும்போதே நீதிமன்றம் கூடும் நேரம்.

மல்லிகா ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். பெரிய இடம் அது, பெயர் வேண்டாம். சாப்பாட்டுப் பையில் தோல் துண்டுகளைத் திருடிக்கொண்டு போனாள் என்று வாசல் கேட்டில் பிடித்ததாகக் கம்பெனி சொன்னது. இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தோம், காலை பதினொரு மணிக்குத் தையல் வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தவளை அலுவலகத்துக்கு அழைத்து வந்தோம், அவளே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள் என்று ஒரு தாளைக் காட்டி, அவளை வேலையிலிருந்து நீக்கியது. வேலைக்குச் சேர்ந்த நாளில் வெறும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில்தான் இதை எழுதிக்கொண்டார்கள் என்று மல்லிகா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். தொழிலாளர் நீதிமன்றம், இத்தனை வருட வேலைக்காரிக்கு இந்தத் தண்டனை ஜாஸ்தி என்று வேலையைத் திருப்பிக் கொடுத்தது. கம்பெனி மேலே வந்தது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தவளுக்கு என்ன வேலை என்று ஒற்றை நீதிபதி அதை ரத்து செய்தார். அதன் மேல்தான் மல்லிகா எங்கள் அமர்வுக்கு வந்தாள்.

அந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனி "திருடி" என்று எழுதி அனுப்பிவிட்டால் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை வேறு எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். ஐந்து வருடமாக மல்லிகா அந்தப் பெயரோடு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். வேலையை விட அவளுக்கு அந்த ஒரு சொல் போக வேண்டும்.

இருபது நிமிடம் வாதம் நடந்தது. மூத்த நீதிபதி ஒரு காகிதத்தை வாய்க்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு அய்யா பக்கம் சாய்ந்தார். இருவர் அமர்வில் அப்படித்தான் கலந்து பேசுவார்கள். அய்யா தலையாட்டினார். "மேல்முறையீடு தள்ளுபடி. காரணங்கள் பிறகு" என்று மூத்தவர் அறிவித்துவிட்டு, எழுதும் பொறுப்பை அய்யாவிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் மதியம் அறையில் தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்தார். நான்கு பக்கம் ஓடியது. படிக்கச் சொன்னார். படித்தேன். எங்கும் திக்கவில்லை. ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. வெள்ளைத் தாளை எடுத்தார், நாட்காட்டியை எடுத்தார். கேட்டில் பிடித்த தேதி, புதன்கிழமை. விசாரணைத் தேதிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"கோமதிம்மா, இந்தக் கம்பெனிக்கு வார லீவு என்னிக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேர்ணாம்பட்டில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் இருபது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் எலக்ட்ரீசியன். அந்த வட்டாரத்துப் பழைய முதலாளிகளின் கம்பெனிகள் பலவற்றில் ஜும்மாவுக்காக வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. இதுவும் அதில் ஒன்று என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விசாரணை நடந்ததாக எழுதிய நாள் வெள்ளிக்கிழமை. பூட்டிக் கிடந்த கம்பெனியில், ஓடாத தையல் வரிசையிலிருந்து அவளை எப்படி அழைத்து வந்தார்கள்?

மல்லிகாவுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தாளின் மேல் இருந்தது வெறும் தேதி. அதுவும் ஆங்கிலத்தில். அவளுடைய வக்கீல் சென்னைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கம்பெனி மூடும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஐந்து வருடம், மூன்று நீதிமன்றம், ஒருவர் கூடக் கிழமை பார்க்கவில்லை.

"எழுதுங்கய்யா, இப்பவே எழுதுங்க. வெள்ளிக்கிழமை கம்பெனி கிடையாதுன்னு எழுதிட்டு மாத்துங்க" என்றேன்.

"கட்டுல எங்கயாவது இருக்கா பாருங்க."

மூன்று மணி நேரம் தேடினேன். இருநூற்றுச் சொச்சம் பக்கம். விடுமுறை பற்றி ஒரு வரி இல்லை.

"அப்ப எழுத முடியாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னாய்யா இது! உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆம்பூர்ல ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும். தெரிஞ்சும் எழுத மாட்டேன்னா எப்படி?" நீதிபதியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்களும் நானும் கூண்டுல ஏறி சத்தியம் பண்ணோமா? எனக்குத் தெரிஞ்சது சாட்சி ஆகாது, கோமதிம்மா. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சத வெச்சு அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்ணா, நாளைக்கு இன்னொருத்தர் தனக்குத் தெரிஞ்சத வெச்சு இன்னொரு பொண்ணக் கெடுப்பாரு. ரெண்டு பக்கத்தையும் மறுபடி கூப்பிட்டு, எல்லார் முன்னாலயும்தான் கேக்கணும்." நாட்காட்டியை மூடி வைத்துவிட்டு, "கிழமை எழுதாம தலையாட்டிட்டேன்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கையெழுத்து ஆகாத வரை, வாயால் சொன்ன தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. யாரும் லேசில் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். எந்த நீதிபதிக்குத் திறந்த நீதிமன்றத்தில் தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள ஆசை? அதுவும் இளையவர், மூத்தவர் அறிவித்ததை. அய்யா கட்டைத் தூக்கிக்கொண்டு மூத்தவர் அறைக்குப் போனார். அரை மணி கழித்து வெளியே வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. "ஒத்துக்கிட்டாரு. கோவம்தான். ஆனா திங்கக்கிழமை பட்டியல்ல போடச் சொல்லிட்டாரு. பெரிய மனுஷன்" என்றார்.

திங்கட்கிழமை அந்த அறையில் நிற்க இடமில்லை. விஷயம் வக்கீல்களுக்குக் கசிந்துவிட்டது. அய்யா எழுதி வைத்துப் படிக்கவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்: "இந்த வழக்கில் போன வாரம் நான் தலையசைத்தது தவறு. பார்க்க வேண்டிய ஒன்றை நான் பார்க்கவில்லை. நான் அந்த வட்டாரத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை இரு தரப்புக்கும் தெரியும்படி கேட்கிறேன். விசாரணை நடந்ததாகச் சொல்லும் நாளில் தொழிற்சாலை இயங்கியதா? வருகைப் பதிவேட்டைத் தாக்கல் செய்யுங்கள்."

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு எழுந்தார். நீதிபதி அந்த ஊர்க்காரர், ஊர் விவரம் தெரிந்தவர், எனவே இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்வதே முறை என்றார்.

அய்யா சிரித்தார். "நான் ஊரைச் சொல்லாமல் தீர்ப்பில் நுழைத்திருந்தால் நீங்கள் ஆட்சேபிக்கவே முடிந்திருக்காது. சொன்னதால்தான் ஆட்சேபிக்கிறீர்கள். அந்தக் கம்பெனியில் எனக்கு உறவும் இல்லை, பங்கும் இல்லை. உங்கள் ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன், நிராகரிக்கிறேன். பதிவேடு எப்போது வரும்?"

பதிவேடு வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே எல்லாப் பெயருக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரே சிவப்புக் கோடு. விடுமுறை.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூத்தவர் மாறவில்லை. தேதி எழுதியதில் கை தவறியிருக்கலாம், கையெழுத்து அவளுடையதுதானே என்று அவர் எழுதினார். அந்த நாளில் வேலையே நடக்கவில்லை என்றால், அந்தத் தாளில் மீதி எது நடந்தது என்று யார் சொல்வது என்று அய்யா எழுதினார். இரண்டு நீதிபதி, இரண்டு தீர்ப்பு. மூன்றாமவரிடம் போனது. இதற்கு நடுவில் வழக்கம்போல யார் எதைக் கேட்பது என்ற பங்கீடு மாறியது. அய்யா இருவர் அமர்விலிருந்து தனியாக உட்கார்ந்து பாகப்பிரிவினை மேல்முறையீடு கேட்கப் போனார். உடனே கான்டீனில் கதை கட்டிவிட்டார்கள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று. நான் அதைச் சொல்லிப் பொருமினேன். "ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி எல்லாருக்கும்தான் மாறுது. அண்ணன் தம்பி சண்டையக் கேக்கறது மட்டும் கேவலமா?" என்று வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். எட்டு மாதம் கழித்து மூன்றாம் நீதிபதி அய்யாவோடு ஒத்துப்போனார். மல்லிகாவுக்கு வேலை திரும்பியது. அந்தச் சொல்லும் போனது.

அன்று அவர் இனிப்பு வாங்கித் தரவில்லை. புதுக் கட்டு ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளில் தேதி எழுத ஆரம்பித்தார். ஓய்வு பெறும் நாள் வரை, கடைசி நேரத்தில் வந்த எந்த வழக்கையும் கிழமை எழுதாமல் அவர் கேட்டதில்லை. வக்கீல்கள் முணுமுணுத்தாலும் பத்து நிமிடம் காக்க வைத்துவிட்டு எழுதினார்.

செய்தி கேட்டு ரயில் பிடித்து ஆம்பூரில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சண்டைய வந்து வந்து சொல்வாரு" என்றார். அதற்கு மேல் எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. பக்கவாட்டுச் சந்தில் வந்து நின்றேன். அங்கே சுவரோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நீலக் கோட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அட்டையில் பெயரைப் பார்த்தேன்.

"மல்லிகாவா?"

திரும்பினாள். நான் யாரென்று சொன்னேன். தீர்ப்பைத் தட்டச்சு செய்தவள் என்றதும் அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

"அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேம்மா. உள்ள போலாமான்னு தெரியல."

அவள் நன்றி சொல்ல வந்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவர் தன்னைக் காப்பாற்றியவர். அவர் முதலில் அவளைத் தள்ளியவர் என்பது அவளுக்குத் தெரியுமா? பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நாக்கு சொன்னது. சாவு வீட்டில் எதற்கு? ஆனால் பொய்யான ஒரு நன்றியை அவர் வாங்கிக்கொள்ளவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"மல்லிகா, ஒண்ணு சொல்லணும். மொதல்ல உன் கேஸைத் தள்ளுபடி பண்ணப்ப அவரும்தான் தலையாட்டினாரு."

அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்மா. அன்னிக்கு நான் கோர்ட்லதான் இருந்தேன், கதவாண்ட. ரெண்டு பேரும் பேப்பரை மறைச்சுப் பேசினாங்க, இவரு தலையாட்டினாரு. என் கண்ணால பாத்தேன். அன்னிக்கு ரயில்ல ஊருக்கு வர்ற வரைக்கும் இவரைத் திட்டிட்டே வந்தேன்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"திருப்பிக் கூப்பிட்டாரேம்மா" என்றாள். "எம்மேல பழி போட்டவங்க எத்தினி பேரு. சூப்பர்வைசரு, ஆபீசுல இருந்தவங்க, எந்தெருவுல இருந்தவங்க, எம்புருசன் வீட்டு ஆளுங்க. ஒருத்தராவது திருப்பிக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்புன்னு சொன்னாங்களா? வேலை திரும்பிக் கெடைச்ச பின்னாலயும் சொல்லல. இவரு ஒருத்தருதான் சொன்னாரு. அதுவும் அத்தினி பேரு முன்னால."

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். அய்யா வீட்டம்மாவிடம் அவள் யாரென்று சொன்னேன். அம்மா நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்.

நண்பர்களே, முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பக்கம் தட்டச்சு செய்திருக்கிறேன். பெரிய பெரிய தீர்ப்புகள், பத்திரிகையில் வந்தவை. ஒன்றும் எனக்கு வேண்டாம். "நான் தலையசைத்தது தவறு" என்று ஒரு திங்கட்கிழமை அவர் சொன்னதை, என் கையால் எழுதி, என் கையால் தட்டச்சு செய்து, அவரிடமே உரக்கப் படித்துக் காட்டினேன். திக்காமல் படித்தேன். அந்த ஒரு வரியை நான் வைத்துக்கொள்கிறேன்.